கிணற்றில் பெட்ரோல் வாசனை: எந்தச் சோதனைக்கு முதலில் பணம் கட்டுவது?

திருவான்மியூரில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் உறைகிணற்றிலிருந்து இறைத்த நீரை வாளியோடு வெயிலில் வைத்துப் பார்த்தபோது, மேலே வானவில் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படர்ந்திருந்தது. சென்னைக் கிணறுகளில் இப்படியொரு படலம் புதிதல்ல. இரும்பு மிகுந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களும் இதே பளபளப்பைத் தருகின்றன. இரண்டையும் பிரித்தறிய ஓர் ஈர்க்குச்சி போதும். குச்சியால் கலைத்தால் நுண்ணுயிர்ப் படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலமோ சுழன்று வழிவிட்டு, குச்சியை எடுத்ததும் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடும். அன்று அது ஒன்றுசேர்ந்தது. "காலையில மோட்டார் போட்டா சம்ப் மூடியைத் திறக்கவே முடியல சார், பங்க்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார் காவலாளி. பெட்ரோல் பங்க் அங்கிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவில், தெருமுனையில் இருக்கிறது.

அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் முன் நான்கு யோசனைகள் இருந்தன. இருக்கும் கிணற்று நீரை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றார் செயலாளர். பங்க்கின் டேங்கைத்தான் சோதிக்க வைக்க வேண்டும், அதற்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார் முதல் மாடி அம்மா ஒருவர். மண்ணுக்குள் இருக்கும் ஆவியை அளக்கும் கருவி ஒன்று உண்டு என்று இன்னொருவர் கேள்விப்பட்டிருந்தார். ஒரு நிறுவனம் புதிதாகக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டுத் தருவதாக விலைப்புள்ளி கொடுத்திருந்தது. நிலத்தடி நீர் ஆய்வில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் என்னை அழைத்திருந்தார்கள். அன்று கூட்டத்தில் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பொருந்தாத சோதனை ஒன்று தந்த நற்சான்றை நம்பி, மாசுபட்ட நீரிலேயே குளித்துக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலைதான் இதை எழுத வைக்கிறது.

கசிந்த எரிபொருள் நிலத்தடியில் என்ன ஆகிறது

எந்தச் சோதனை எதைப் பிடிக்கும் என்று புரிய, கசிந்த பெட்ரோல் மண்ணுக்குள் நான்கு உருவங்களில் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பகுதி மண் துகள்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒரு பகுதி ஆவியாகி மண்ணின் இடைவெளிகளில் பரவுகிறது. நீரைவிட எடை குறைந்தது என்பதால், கீழே இறங்கிய பெட்ரோல் நீர்மட்டத்தின்மேல் மிதக்கிறது. அங்கிருந்து பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை மெல்ல நீரில் கரைந்து, நிலத்தடி நீர் ஓடும் திசையில் நகர்கின்றன. நாற்றமும் படலமும் முதல் மூன்றின் அடையாளங்கள். உடலுக்குள் போவதோ பெரும்பாலும் நான்காவது.

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகளவில் உறுதி செய்யப்பட்ட ஒன்று. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் பென்சீன் கன அளவில் 1 விழுக்காடு வரை இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.8 கிராம் பென்சீன். அது முழுவதும் கரைந்தால், சுமார் 8.8 லட்சம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதுமானது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 73 லாரி. ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது. தவிரவும், பென்சீன் மூக்குக்குத் தெரியும் அளவு இந்த எல்லையைவிட மிக மிக அதிகம். ஆகவே வாசனை நின்றுவிட்டது என்பதை வைத்து நீர் தூய்மையாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

சென்னைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட, கோடை முழுக்க நாம் உறிஞ்சுகிறோம். நீர்மட்டம் சில மீட்டர்கள் ஏறி இறங்கும்போது, மிதக்கும் எரிபொருளும் கூடவே ஏறி இறங்கி, அந்த உயரம் முழுக்க மண்ணில் பூசிவிடுகிறது. கோடையில் பூசிய பகுதி மழைக்குப் பின் நீரில் மூழ்கி, மீண்டும் கரைய ஆரம்பிக்கும். வைகாசியில் எடுத்த மாதிரியும் தை மாதத்தில் எடுத்த மாதிரியும் ஒரே கிணற்றிலிருந்து வேறு வேறு கதை சொல்வது இதனால்தான். இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்று, இருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுவதால், பென்சீன் சிதையாமல் கூடுதல் தூரம் போக வாய்ப்பு ஏற்படுகிறது.

இருக்கும் கிணற்று நீரைச் சோதிப்பது

செலவு குறைந்த வழி இது. யாருடைய அனுமதியும் தேவையில்லை, ஒரே நாளில் மாதிரி எடுத்துவிடலாம். ஆனால் இதைத் தவறாகச் செய்வதும் அதே அளவுக்கு எளிது, அப்படித் தவறாகச் செய்யப்படுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முதல் தவறு, எந்தச் சோதனையைக் கேட்கிறோம் என்பதில் நிகழ்கிறது. ஆய்வகங்களில் "குடிநீர்ச் சோதனை" என்று கேட்டால் கிடைக்கும் வழக்கமான பட்டியலில் அமில காரத்தன்மை, மொத்தக் கரைபொருள், கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட், கோலிஃபார்ம் ஆகியவை இருக்கும்; பென்சீன் இருக்காது. பெட்ரோல் மிதக்கும் கிணற்றுக்குக்கூட இந்தப் பட்டியலில் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். எண்ணெய், கிரீஸ் அளக்கும் சோதனையைச் சேர்த்தாலும் பெரிய பயனில்லை, ஏனெனில் அந்த முறையில் மாதிரியைச் சூடாக்கிக் கரைப்பானை ஆவியாக்கும்போது பெட்ரோலின் ஆவியாகும் பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், நாப்தலீன், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பு முறையில் அளந்து, மைக்ரோகிராம் அளவுக்குக் கீழே பார்க்கும் திறன் அந்த ஆய்வகத்துக்கு உண்டா என்றும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது தவறு மாதிரி எடுப்பதில். மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் குழாயில் பிஸ்லேரி பாட்டிலைப் பிடித்து, பையில் போட்டு, மறுநாள் பேருந்தில் எடுத்துப் போகிறார்கள். மோட்டார் இறைக்கும்போதும், டேங்கில் அருவிபோல விழும்போதும், பாட்டிலின் காலி இடத்திலும், வெயிலிலும் பென்சீன் பறந்துவிடுகிறது. முறையாக எடுப்பதென்றால், கிணற்றுக்குள் மெதுவாக இறக்கும் குழல் வாளியால் நீர்மட்டத்தை ஒட்டிய நீரை மொண்டு, சில துளி அமிலம் இட்ட 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் சுவரோடு வழியவிட்டு, விளிம்புக்கு மேல் நீர் கும்மாச்சியாக நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். பிறகு குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவு குமிழிகூட மேலே எழக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்ப்பது நல்லது. அமிலமிட்டுக் குளிரில் வைத்த மாதிரிக்கு 14 நாள் கெடு உண்டு. தூய நீர் நிரப்பிய வெற்றுக் குப்பி ஒன்றையும் கூடவே எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். அதிலும் பென்சீன் வந்தால், மாசு நம் வண்டியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, எந்தக் கிணறு என்பது. ஆழ்துளைக் கிணற்றில் மேலே பல மீட்டர்களுக்குக் கேசிங் குழாய் மூடியிருக்கும். நீர் வருவது கீழிருந்து. எரிபொருளோ மேலே, நீர்மட்டத்தில். ஆகவே போர்வெல் நீர் தூய்மையாக வந்தால், ஆழத்தில் இன்னும் இறங்கவில்லை என்று மட்டுமே பொருள். சென்னையின் பழைய உறைகிணறுகள் இந்த வேலைக்குக் கிடைத்த வரம். அவை நீர்மட்டத்தைத் திறந்து காட்டுகின்றன. அந்த அடுக்ககத்தில் போர்வெல், உறைகிணறு இரண்டுமே இருந்தன, ஆனால் நீர்ச் சோதனைக்கான விலைப்புள்ளியில் போர்வெல்லை மட்டுமே குறித்திருந்தார்கள்.

இந்த வழியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மாசு இருக்கிறதா என்ற கேள்விக்கு இது பதில் தரும். யாருடையது, எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பவற்றுக்குத் தராது.

பங்க்கின் டேங்கையும் குழாய்களையும் சோதிப்பது

முதல் மாடி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 1996-ல் பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் வழக்கிலேயே, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் மாசுபடுத்தியவர் யார் என்று காட்டிய பிறகுதான் அந்தக் கோட்பாடு நமக்குக் கைகொடுக்கும்.

பங்க்கில் இரண்டு விதமான சோதனைகள் உண்டு. ஒன்று இருப்புக் கணக்கு: லாரியிலிருந்து இறக்கியது, விற்றது, அளவுகோலை விட்டு அளந்த மீதி ஆகியவற்றை ஒப்பிடுவது. இதில் சிறு கசிவு தெரியாது. அமெரிக்க விதிமுறையில், மாத விற்பனையில் 1 விழுக்காட்டோடு 130 கேலன், அதாவது சுமார் 490 லிட்டர், சேர்த்து வரும் அளவுக்கு மேல் வேறுபாடு வந்தால்தான் கசிவு என்று ஐயப்பட வேண்டும். மாதம் ஒரு லட்சம் லிட்டர் விற்கும் பங்க்குக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால், ஏறத்தாழ 1,500 லிட்டர் காணாமல் போனாலும் கணக்கு சரியாகவே இருக்கும். மேலே போட்ட 73 லாரிக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், "எங்கள் கணக்கில் குறைவில்லை" என்ற பதில் ஏன் போதாது என்பது விளங்கும்.

மற்றொன்று இறுக்கச் சோதனை. டேங்கையும் குழாயையும் தனித்தனியாக அடைத்து, அழுத்தமோ மட்டமோ மாறுகிறதா என்று பார்ப்பது. மணிக்கு 0.1 கேலன், அதாவது 0.38 லிட்டர் அளவிலான கசிவையும் இது பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். மாதத்துக்குச் சுமார் 270 லிட்டர். இருப்புக் கணக்கைவிட இது எவ்வளவோ கூர்மையானது. டேங்க் மட்டும் தேறினால் போதாது, குழாய்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். இணைப்புகளிலும் விநியோக இயந்திரத்தின் அடியிலும் நிகழும் கசிவுகள் மிகுதி. உப்புக்காற்றும் உவர் மண்ணும் உள்ள கடலோரப் பகுதியில், பழைய ஒற்றைச் சுவர் இரும்பு டேங்குகள் துருப்பிடிப்பது விரைவு என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தச் சோதனையின் குறை, அது இன்றைய நிலையை மட்டுமே காட்டும் என்பது. மூன்றாண்டுக்கு முன் கசிந்து, குழாயை மாற்றிவிட்டிருந்தால், சோதனை முழுமையாகத் தேறும். நம் கிணற்றில் பென்சீன் இருந்துகொண்டே இருக்கும். மேலும் இதைச் செய்யும் உரிமை நமக்கில்லை. பங்க்கின் உரிமத்தைக் கையாளும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கும், கிண்டியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், எண்ணெய் நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்க வேண்டும். கையில் ஓர் ஆய்வக அறிக்கை இல்லாமல் எழுதும் கடிதத்துக்கும், லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணோடு எழுதும் கடிதத்துக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. புதிய பங்க்குகள் வீடுகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வகுத்த வழிகாட்டுதலைச் சிலர் இந்த இடத்தில் எடுத்துக் காட்டுவார்கள். 60 மீட்டர் என்பது அந்த அளவைத் தாண்டியது என்பதால் நிலத்தடியில் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். மேலே உள்ள தூரக் கட்டுப்பாடு கீழே ஓடும் நீருக்குத் தெரியாது.

மண்ணின் ஆவியை அளப்பது

நிலத்தில் ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மெல்லிய துளையிட்டு, அதிலுள்ள காற்றை உறிஞ்சி, ஒளியால் அயனியாக்கும் கருவியில் செலுத்தினால் உடனே ஓர் எண் தெரியும். ஒரே நாளில் இருபது, முப்பது இடங்களில் பார்த்து, எந்தப் பக்கம் எண் ஏறுகிறது என்று வரைபடம் போட்டுவிடலாம். சாக்கடை வாயுவில் பெரும்பகுதியான மீத்தேனை இந்தக் கருவி கண்டுகொள்வதில்லை என்பது நம் ஊருக்கு ஒரு நல்ல வசதி. ஆனால் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஓரளவு அசைந்துகொடுக்கும், ஆகவே கழிவுநீர்க் குழாயை ஒட்டிய எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில், கோடையில், இது மிக நன்றாக வேலை செய்யும். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் உள்ள களிமண்ணில் ஆவி நகராது. கீழே பெட்ரோல் நிற்கும்போதே மேலே பூஜ்யம் காட்டும். மழைக்காலத்தில் மணலிலும் இதே கதைதான். டீசல் எளிதில் ஆவியாகாது என்பதால், டீசல் கசிவை இதைக் கொண்டு தேடுவது வீண். இது இடத்தைக் காட்டும் விரல். அளவைச் சொல்லும் தராசு வேறு.

மின்தடை அளவீடு, நிலம் ஊடுருவும் ரேடார் ஆகியவற்றையும் சில நிறுவனங்கள் முன்வைக்கின்றன. புதைந்த டேங்கையும் குழாயையும் கண்டுபிடிக்க ரேடார் உதவும். களிமண்ணிலும் உவர்நீரிலும் அதன் அலை விரைவில் மங்கிவிடுவதால், மாசைத் தேட அவற்றுக்குச் செலவிட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்காணிப்புக் கிணறுகள்

எங்கிருந்து, எந்தத் திசையில் என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த பதில் இந்த ஒரு வழியில்தான் கிடைக்கிறது. அதே சமயம் கெடுதல் செய்யக்கூடியதும் இந்த ஒரு வழிதான். ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கண்காணிப்புக் கிணறு என்பது குட்டை ஆழம் கொண்டது. மணற்பகுதியில் பெரும்பாலும் 10 மீட்டருக்குள் முடிந்துவிடும். அதன் துளையிட்ட குழாய்ப்பகுதி, கோடையின் தாழ்ந்த நீர்மட்டத்துக்குக் கீழும் மழைக்காலத்தின் உயர்ந்த மட்டத்துக்கு மேலும் நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மிதக்கும் எரிபொருள் குழாயின் மூடிய பகுதிக்கு வெளியே நின்று, உள்ளே வராமல் போய்விடும். அதற்கு மேலே பென்டோனைட் களிமண்ணால் அடைத்து, தெருநீர் இறங்காமல் மூடி போட வேண்டும். அந்த நிறுவனத்தின் விலைப்புள்ளியில் 30 மீட்டர் ஆழமும், முதல் 12 மீட்டருக்கு மூடிய கேசிங்கும் எழுதப்பட்டிருந்தன. அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கும் போர்வெல்லை எப்படிப் போடுவார்களோ அப்படியே இதையும் எழுதியிருந்தார்கள். அப்படிப் போட்டிருந்தால் மாசு இருக்கும் அடுக்கை மட்டும் தவிர்த்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள நல்ல நீரை எடுத்துச் சோதித்திருப்போம். அதைவிட மோசம், இடையில் ஒரு களிமண் அடுக்கு இருந்து அதைத் துளைத்துவிட்டால், மேலே தங்கியிருந்த மாசு கீழே இறங்க நாமே வழி செய்துகொடுத்ததாகும்.

எத்தனை கிணறு என்று கேட்டால், மூன்றுக்குக் குறையாமல் என்பேன், அதுவும் ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. மூன்று குழாய் விளிம்புகளின் உயரத்தையும் லெவல் கருவியால் மில்லிமீட்டர் அளவில் எடுத்து, அவற்றிலிருந்து நீர்மட்டத்தைக் கழித்தால், நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்பது தெரியும். கடல் கிழக்கே இருப்பதால் நீரும் கிழக்கேதான் ஓடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டடமும் மோட்டார் வைத்து இறைக்கும் தெருவில் அந்த விதி நிற்பதில்லை. அதிகம் இறைப்பவர் பக்கம் நீர் திரும்புகிறது, மாசும் உடன் திரும்புகிறது. கலிபோர்னியாவில் பெட்ரோல் கசிந்த இடங்களை லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் 1995-ல் தொகுத்துப் பார்த்தபோது, கரைந்த பென்சீன் பெரும்பாலும் 250 அடிக்குள், அதாவது 76 மீட்டருக்குள், நின்றுவிடுவதாகக் கண்டது. அந்த எண் நமக்கு ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் 60 மீட்டரில் இருக்கும் கிணறு அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறது. அதோடு, வீட்டுக்கு வீடு நிலத்தடி நீரை இழுக்கும் நம் தெருக்களில் அந்த எல்லை இன்னும் நீளக்கூடும்.

மூன்றில் ஒன்றாவது பங்க்குக்கும் நம் கட்டடத்துக்கும் நடுவிலும், இன்னொன்று பங்க்குக்கு மேல்நீர்ப் பக்கத்திலும், அதாவது பங்க்கை நோக்கி நிலத்தடி நீர் வரும் பக்கத்திலும், அமைய வேண்டும். மேல்நீர்ப் பக்கக் கிணற்றிலும் பெட்ரோல் வந்தால், குற்றவாளி வேறு யாரோ என்று பொருள். அந்த இடங்கள் தெருவிலும் பிறர் நிலத்திலும் இருப்பதால், மாநகராட்சியின் இசைவும் அண்டை வீட்டாரின் மனமும் தேவைப்படும். சென்னைப் பெருநகரில் கிணறு தோண்டுவதற்கு 1987-ம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அனுமதி பெறும் ஏற்பாடு இருக்கிறது. இதற்கான காலத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். செலவோ, முதல் வழியைப்போலப் பல மடங்கு.

கிண்டி, வேளச்சேரி, பரங்கிமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த முக்கோணக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மேல்மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே சார்னோகைட் என்னும் கடினப் பாறை. நீர் அதன் விரிசல்களில் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக் கிணறு தூய்மையாகவும் நாலு வீடு தள்ளியுள்ள கிணறு மாசாகவும் இருக்கலாம். அங்கே புதிய கிணறுகளுக்குச் செலவழிப்பதைவிட, சுற்றியுள்ள இருபது வீடுகளின் கிணறுகளைக் கணக்கெடுத்து, ஆழமும் நீர்மட்டமும் குறித்து, எல்லாவற்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுப்பதே மேல்.

எரிபொருளின் கைரேகை

பங்க் கண்ணில் படும் என்பதால் பழி அதன்மேல் முதலில் விழுகிறது. அதற்கு முன் சொந்தக் கட்டடத்தின் ஜெனரேட்டரைப் பார்த்துவிட வேண்டும். கீழ்த்தளத்தில் டீசல் டின் கவிழ்ந்தோ, குழாய் சொட்டியோ கிணற்றுக்குப் போன கதைகள் உண்டு. அருகில் மெக்கானிக் கடை, பழைய மண்ணெண்ணெய்க் கிடங்கு, எண்ணெய்க் குழாய்ப்பாதை எதுவாகவும் இருக்கலாம். வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பகுதியில் 2013-ல் வீட்டுக் கிணறுகளில் எரிபொருள் வந்தபோது, அது பங்க்கிலிருந்து வரவில்லை. துறைமுகத்திலிருந்து சேமிப்பு முனையத்துக்குப் போகும் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்தது. அந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

படலத்தில் சில மில்லிலிட்டர் எடுக்க முடிந்தால், வாயு நிறப்பகுப்பும், மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் நிறைமாலையும் சேர்ந்த சோதனையில் அது பெட்ரோலா, டீசலா, மண்ணெண்ணெயா என்று தெளிவாகத் தெரிந்துவிடும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் இருப்பது நமக்குத் தெரிந்ததே. மிதக்கும் பெட்ரோலில் கரிம ஈயச் சேர்மம் இருந்தால், அது நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்த 2000-ம் ஆண்டுக்கு முன் கசிந்ததாக இருக்க வேண்டும். எத்தனால் நிறைய இருந்தால் அண்மைக் கசிவு என்று கொள்ளலாம். எல்லாக் கிணறுகளுக்கும் இது தேவையில்லை, ஒரே ஒரு மாதிரிக்குச் செய்தால் போதும். ஆனால் வழக்கு என்று வந்தால், இந்த ஒரு தாள்தான் முதலில் கேட்கப்படும்.

சங்கத்துக்குச் சொன்ன முடிவு

திருவான்மியூர் மணலுக்கு நான் சொன்ன வரிசை இது. உடனடியாக உறைகிணறு, போர்வெல், பங்க்குக்கு அருகில் இருக்கும் இன்னும் இரண்டு வீடுகளின் கிணறுகள் ஆகிய நான்கிலும் ஒரே காலையில் முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும். படலத்திலிருந்து ஒரு மாதிரியைக் கைரேகைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதே வாரத்தில், மழை தொடங்குவதற்குள், சுற்றுச்சுவரை ஒட்டியும் நடைபாதையிலும் மண்ணாவியை அளந்துவிட வேண்டும். அறிக்கை வந்த அன்றே, எண்களோடு பெட்ரோலியப் பாதுகாப்பு அமைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்று இடங்களுக்கும் கடிதம் எழுதி, டேங்க், குழாய் இரண்டின் இறுக்கச் சோதனையையும், வாரியமே நேரில் வந்து மாதிரி எடுப்பதையும் கேட்க வேண்டும். கண்காணிப்புக் கிணறுகளுக்குச் சங்கம் இப்போது பணம் கட்ட வேண்டாம். மாசு உறுதியானால் அவற்றைப் போட வேண்டியது பொறுப்பாளியின் கடமை. இடமும் ஆழமும் மட்டும் நாம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இழுத்தடித்தால், அப்போது நாமே கைபோர் போட்டு மூன்று கிணறுகள் இறக்கலாம், மணலில் அது முடியும். களிமண் பகுதியாக இருந்திருந்தால் ஆவி அளவீட்டை விட்டுவிட்டு, நேராக மண் மாதிரிக்கும் கிணற்றுக்கும் போகச் சொல்லியிருப்பேன்.

கெடுவையும் நினைவூட்டினேன். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரும் விண்ணப்பத்துக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டு என்ற வரம்பு உண்டு. ஆகவே வாசனை முதலில் வந்த நாள், யார் சொன்னது, மாதிரியை யார் எடுத்தது, யார் கையில் கொடுத்தது என்று எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.

முடிவு வரும்வரை அந்த நீரைச் சமையலுக்கு மட்டும் நிறுத்தினால் போதாது. மூடிய குளியலறையில் வெந்நீராக ஊற்றிக்கொள்ளும்போது பென்சீன் மூச்சோடு உள்ளே போகிறது. காய்ச்சினால் சரியாகிவிடுமா என்று ஒரு மாமி கேட்டார்; காய்ச்சினால் நீரிலிருந்து சமையலறைக் காற்றுக்கு மாறுமே தவிர வேறொன்றும் நடக்காது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தை நம்பவும் வேண்டாம். இவ்வளவு சிறிய, ஆவியாகும் மூலக்கூறை அதன் சவ்வு முழுமையாகத் தடுப்பதில்லை. காற்றில் 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி சேர்ந்தாலே தீப்பற்றும் நிலை என்பதால், சம்ப்புக்குள் யாரும் இறங்கக் கூடாது, அருகில் பீடி, சிகரெட் கூடாது, மோட்டார் சுவிட்சை அங்கிருந்து தள்ளி மாற்ற வேண்டும்.

அன்று மாலையே உறைகிணற்று மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் செயலாளர் தன் மேசையில் வைத்துக்கொண்டார். நீர்மட்டத்தை அளக்கக் காவலாளிக்குக் கற்றுக்கொடுத்தேன். அளவுநாடாவின் முனையில் சுண்ணாம்பு பூசி இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து, கிணற்று விளிம்பில் நாம் போட்ட சிவப்புப் பெயிண்ட் குறியிலிருந்து 4.62 மீட்டர் என்று அவரே நோட்டில் எழுதினார். அடுத்த அளவு ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, தெருவில் எந்த மோட்டாரும் ஓட ஆரம்பிப்பதற்கு முன்.